எனக்கும் தம்பிக்கும் ஒரே எண்கள்

தம்பியின் கையில் இருந்த நீலத் திட்டுகளை முதலில் பார்த்தது நான்தான்.

திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் நானும் என் கணவரும் அறைகள் வாடகைக்கு விடுகிறோம். மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள், பௌர்ணமிக்கு வந்து மறுநாள் கிளம்பும் சென்னைக்காரர்கள் என்று எப்போதும் யாராவது இருப்பார்கள். என் சின்னத் தம்பி கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு வேனும் ஓட்டிக்கொண்டிருந்தான். டவுனுக்குச் சவாரி வந்தால் எனக்குக் காய்கறியோ அரிசியோ இறக்கிவிட்டுத்தான் போவான். அன்று மூட்டையைத் தூக்க சட்டைக் கையை மடித்துவிட்டபோது, முழங்கைக்கு மேலே நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்த மாதிரி இரண்டு திட்டுகள் தெரிந்தன.

“எங்கடா இடிச்சிக்கின?”

“எங்கியும் இடிக்கல க்கா. தானா வருது. தொடையிலகூட இருக்குது.”

தானாக எப்படி வரும்? பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா என்று கேட்டேன். கொஞ்ச நாளாக வருகிறது என்றான். படியேறினால் மூச்சு வாங்குவதாகவும், வெயில் ஜாஸ்தி என்பதால் இருக்கும் என்றும் சொன்னான். என் கணவர் அவனை அப்படியே வண்டியில் ஏற்றி ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த பெண் முடிவைப் பார்த்துவிட்டு, மிஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடியும் ரத்தம் எடுத்தாள். இரண்டாம் முறையும் அதே முடிவுதான். சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு மூன்றுமே கம்மி. இவ்வளவு கம்மியாக இருக்கும் ஆள் எப்படி வேன் ஓட்டிக்கொண்டு வந்தார் என்று அவள் கேட்டாளாம்.

சென்னைக்குப் போகச் சொன்னார்கள். போனோம்.

அங்கே எங்களுக்கு வாய்த்த ரத்தநோய் டாக்டர் என்னைவிட வயதில் சிறிய ஒரு பெண். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னையும் தம்பியின் மனைவியையும் உட்கார வைத்துப் பேசினார்.

“இது கேன்சர் இல்ல. முதல்ல அத மனசுல வச்சுக்குங்க. ரத்தம் உற்பத்தியாகிறது எலும்புக்குள்ள. இவருக்கு அந்த இடம் காலியா இருக்கு. செல்கள் இருக்கவேண்டிய இடத்துல வெறும் கொழுப்புதான் இருக்கு.”

“யாரு காலி பண்ணாங்க?” என்று கேட்டேன். அந்த நேரத்தில் அப்படி ஒரு கேள்வி ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை. தம்பியின் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

“அவரோட நோயெதிர்ப்பு சக்திதான். கிருமியை அடிக்கவேண்டிய செல்கள் அவரோட மஜ்ஜையையே கிருமின்னு நெனச்சு அடிச்சிருக்கு.”

பன்னிரண்டாம் வகுப்பில் நான் உயிரியல் எடுத்துப் படித்தவள். அதற்கு மேல் படிக்கவில்லை, கல்யாணமாகிவிட்டது. வெள்ளையணுக்களைப் போர்வீரர்கள் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த வீரர்கள் வீட்டுக்காரனையே அடிப்பார்கள் என்று அதில் இல்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நமைச்சலும் இருந்தது. அந்தச் செல்களுக்கு எப்படி ஆள் தெரியாமல் போனது?

ஊரில் அவரவர் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். மல்லாட்டைச் செடிக்கு அடித்த மருந்து என்றார்கள். எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர். என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்றாள் ஒரு உறவுக்காரி, அம்மாவின் காதில் விழும்படியாகவே. அம்மா அன்று சாப்பிடவில்லை.

அடுத்த முறை சென்னைக்குப் போனபோது அம்மாவும் கூட வந்தாள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

“சொந்தத்துல கட்டிக்கினதாலயாம்மா எம்புள்ளைக்கு இப்பிடி?”

பரம்பரையாக வரும் வகையும் உண்டு, அதற்குத் தனியாகச் சோதித்தாயிற்று, இவருக்கு அது இல்லை என்றார் டாக்டர். மருந்தடித்ததாலா என்றால், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். முக்கால்வாசிப் பேருக்குக் காரணம் தெரிவதேயில்லை என்றார். அம்மாவுக்கு அது பதிலாகவே படவில்லை. எனக்கு, டாக்டர் ஒருவர் தெரியாது என்று இவ்வளவு சாதாரணமாகச் சொன்னது பிடித்திருந்தது.

அப்போதுதான் மஜ்ஜை மாற்று பற்றிப் பேச்சு வந்தது. தம்பிக்கு வயது கம்மி என்பதால், கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது பொருந்தினால் அதுவே நல்ல வழி என்றார். பொருத்தம் பார்ப்பது ரத்த வகையை வைத்து இல்லை. நம் செல்கள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு அடையாளம் இருக்கிறதாம். எச்எல்ஏ என்று பெயர். இது நம்ம ஆள், இது வேற்றாள் என்று நோயெதிர்ப்புச் செல்கள் தெரிந்துகொள்வது அந்த அடையாளத்தைத் தொட்டுப் பார்த்துத்தான். அது ஒவ்வொருவருக்கும் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது. அப்பாவிடம் இரண்டு பாதிகள், அம்மாவிடம் இரண்டு பாதிகள். எந்தப் பிள்ளைக்கு எது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. கூடப்பிறந்த ஒருவருக்குப் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு.

நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவள், அடுத்து பெரிய தம்பி, கடைசியில் இவன். தம்பிகள் இருவரும் ஒரே அச்சு. பின்னாலிருந்து பார்த்தால் அம்மாவே மாற்றிக் கூப்பிடுவாள். எனக்கு மட்டும் அப்பாவின் மூக்கு, அப்பாவின் நிறம். ஆகவே ரிசல்ட் வருவதற்கு முன்பே எல்லோரும் முடிவு செய்துவிட்டோம். பெரிய தம்பி தான் பார்க்கும் நெல் மிஷின் வேலைக்கு மாற்று ஆள் பார்த்து வைத்துவிட்டு, அறுவைச் சிகிச்சைக்குத் தயாராகச் சவரம்கூடச் செய்துகொண்டு வந்தான்.

பொருந்தியது எனக்கு. முழுசாக.

டாக்டர் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எழுத்துகளும் எண்களும் வரிசையாக இருந்தன. என்னுடையதும் தம்பியுடையதும் அச்சு அசலாக ஒன்று. பெரிய தம்பியின் காகிதத்தில் பாதிதான் ஒத்துப்போனது.

“அண்ணந்தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிம்மா! எப்பிடி சேராம போகும்?” என்றாள் அம்மா.

“மூக்கையும் முகத்தையும் பாத்து அது சேர்றதில்லம்மா.”

பெரிய தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். டீக்கடை பக்கம் போய்ப் பார்த்தேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றிருந்தான்.

“சரி, நான் ரத்தமாச்சும் குடுக்கறேன். தட்டணு ஏத்தணும்னாங்களே, அத எடுத்துக்கட்டும்,” என்றான்.

அதையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். சொந்தக்காரர்களின் ரத்தம் மட்டும் இப்போது ஏற்றக்கூடாதாம். ஏற்றினால் தம்பியின் உடம்பு எங்கள் குடும்பத்து அடையாளங்களை முன்கூட்டியே பார்த்துப் பழகி, எதிர்க்கக் கற்றுக்கொண்டுவிடும். பிறகு என் மஜ்ஜை உள்ளே போனால் துரத்திவிடும். யார் வேண்டுமானாலும் தரலாம், கூடப்பிறந்தவன் தரக்கூடாது. ஆபத்துக்குச் சொந்தம்தான் ஓடிவரும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. “அப்ப நான் எதுக்குதான் ஆவேன்?” என்று நர்ஸிடம் கத்தினான். அந்த நர்ஸ் பொறுமையாக, “ஆள் கூட்டிட்டு வாங்க, சார். அதான் இப்ப பெரிய வேலை,” என்றாள்.

கூட்டிக்கொண்டு வந்தான். தம்பியின் வேனையே எடுத்துக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் டிரைவர்கள், உரக்கடைப் பையன்கள், கூடப் படித்தவர்கள், அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் இளநீர் விற்கும் ஒருவர் என்று வண்டி வண்டியாகச் சென்னைக்கு ஏற்றிவந்தான். முக்கியமாகப் பார்த்தது, யாரும் எங்களுக்கு எந்த வகையிலும் உறவாகிவிடக் கூடாது என்பதை. எங்கள் ஊரில் அப்படி ஆள் தேடுவது லேசான வேலையில்லை. “நீ எங்கம்மா வழியில எதுனா வர்றியா?” என்று கேட்டுக் கேட்டு ஏற்றினானாம்.

எனக்குப் பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில்தான் அந்தக் கேள்வி வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். புரிந்தது கொஞ்சம், புரியாதது நிறைய. அந்த அடையாளங்களில் சில வகைகள் உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று ஜாஸ்தி என்று போட்டிருந்தது. அதில் ஒரு வகையின் எண்ணையும் கொடுத்திருந்தார்கள். தம்பியின் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த எண் அதில் இருந்தது. அப்படியென்றால் என் காகிதத்திலும் இருக்கத்தானே வேண்டும்?

டாக்டரிடம் கேட்டேன்.

“ஆமா, உங்களுக்கும் அதே வகைதான்.”

“அப்ப எனக்கும் வருமா?”

“வராதுன்னுதான் நெனைக்கிறேன். அந்த வகை உள்ளவங்க கோடிக்கணக்குல இருக்காங்க. ரொம்ப ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் இந்த நோய் வருது. வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.”

“ஒரே வகை, ஒரே வீடு, ஒரே தண்ணி. அவனுக்கு வந்தது எனக்கு ஏன் வரல?”

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். “எனக்கும் அதத்தான் தெரிஞ்சுக்கணும். ஏதோ ஒண்ணு நடந்திருக்கு. ஒரு வைரஸா இருக்கலாம், வேற எதாவது இருக்கலாம். அதோட ஒரு துண்டை இந்த அடையாளம் எடுத்துக் காட்டியிருக்கு. காட்டின விதத்துல செல்கள் ஏமாந்திருக்கு. உங்களுக்கு அந்த ஏதோ ஒண்ணு நடக்கல.”

நோய் வரச் சற்றே வழிவிட்ட அதே அடையாளம் என்னிடமும் இருந்ததால்தான் நான் அவனுக்கு உதவ முடிகிறது. இதை அம்மாவிடம் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தது தப்பாகிவிட்டது. அவள் உடனே, “அது எங்கிட்ட இருந்து வந்துச்சா, உங்கப்பாகிட்ட இருந்தா?” என்று பிடித்துக்கொண்டாள். அவள் ரத்தத்தையும் சோதித்திருந்தார்கள். டாக்டர் ஒப்பிட்டுப் பார்த்து, அந்த எண் அம்மாவிடம் இல்லை, அப்பா வழியில்தான் வந்திருக்க வேண்டும் என்றார். அப்பா இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அம்மாவுக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். அவளோ அப்பாவுக்காகச் சண்டைக்கு வந்தாள்.

“அவரு கடைசி வரைக்கும் மம்பட்டி புடிச்ச மனுசன். ஒரு நாளு காய்ச்சல்னு படுத்தது கெடையாது. அவரு ரத்தத்த கொற சொல்றியா?”

“அதாம்மா நானும் சொல்றேன். அவருக்கும் இருந்துச்சி, ஒண்ணும் ஆகல. எனக்கும் இருக்குது, ஒண்ணும் ஆகல.”

பெரிய தம்பி குறுக்கே கேட்டான். “எனக்கு?”

அவனுக்கு அப்பாவின் இன்னொரு பாதி போயிருந்தது. அவனிடம் அந்த எண் இல்லை. சொன்னதும் அவன் முகம் ஒரு கணம் தெளிந்தது. உடனே அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டான். நான் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.

மஜ்ஜை கொடுப்பதற்கு முன்பு என்னிடம் ஏகப்பட்ட கேள்விகள் கேட்டார்கள். எந்த மருந்தாவது, சாப்பாடாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்ட நர்ஸிடம், மல்லாட்டை என்றேன். மல்லாட்டை என்றால் அவளுக்குப் புரியவில்லை. வேர்க்கடலை என்று விளக்கினேன். சின்ன வயதிலிருந்தே வாயில் போட்டால் உதடு வீங்கிவிடும், உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வரும். “உங்க வீட்டுல என்ன பயிர்னு சொன்னீங்க?” என்றாள். அதுதான் பயிர் என்றேன். அறுவடைக் காலத்தில் நான் மட்டும் வீட்டுக்குள்ளேயே கிடந்தவள் என்று சொன்னதும், எழுதிக்கொண்டே சிரித்தாள்.

மயக்கம் கொடுத்துத்தான் எடுத்தார்கள். கண் விழித்தபோது இடுப்பின் பின்பக்கம் யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. நான் கேட்ட முதல் விஷயம், அதைப் பார்க்கலாமா என்பது. தம்பியின் அறைக் கண்ணாடிக்கு வெளியே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க விட்டார்கள். தம்பியின் பழைய மஜ்ஜையில் மீதி இருந்ததையும், ஏமாந்துபோன அந்தச் செல்களையும் மருந்து கொடுத்து முன்பே அழித்திருந்தார்கள். முடி கொட்டி, இளைத்துப்போய்ப் படுத்திருந்தான். ஒரு பை தொங்கியது. அதில் ரத்தம் போலவே ஒன்று, கொஞ்சம் கெட்டியாக, மேலே எண்ணெய் மினுக்கோடு இருந்தது. குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அறுவை இல்லை, கத்தி இல்லை. அது எலும்புக்குள் போகவேண்டிய வழியை எப்படிக் கண்டுபிடிக்கும் என்று நர்ஸைக் கேட்டேன். அதுவே தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றாள். தம்பி உள்ளேயிருந்து போனில் பேசினான்.

“இவ்ளோதானா க்கா? நான் என்னென்னவோ நெனச்சிக்கினு இருந்தேன்.”

அவ்வளவுதான் இல்லை. அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. காய்ச்சல் வந்தது, வாயெல்லாம் புண் வந்தது, அவன் மனைவி கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி மணிக்கணக்கில் நின்றாள். வெள்ளையணு ஏறுகிறதா என்று தினமும் காலையில் கேட்போம். ஒருநாள் ஏற ஆரம்பித்தது. பிறகு ஒரு வாரம் அவன் தோல் முழுக்கச் சிவந்து அரித்தது. முழுசாகப் பொருந்தினாலும், என் செல்களுக்கு அவன் உடம்பில் சில விஷயங்கள் புதுசாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். “அக்கா, உன் ஆளுங்க என்ன போட்டு அடிக்கிறாங்க. கொஞ்சம் சொல்லி வையி,” என்றான் தம்பி. மருந்தில் அடங்கியது.

வீட்டுக்கு வந்த பின்பும் மாதக்கணக்கில் முகக்கவசம், காய்ச்சிய தண்ணீர், வேகவைத்த சாப்பாடு. எங்கள் மாடி அறையொன்றைக் காலி செய்து அவனையும் அவன் மனைவியையும் அங்கேயே வைத்துக்கொண்டோம். அவனுடைய ரத்த வகை பி பாசிட்டிவ்வாக இருந்தது. மெல்ல மெல்ல என்னுடைய ஓ பாசிட்டிவ் ஆகிவிட்டது. லைசென்ஸில் இருப்பதை மாற்ற வேண்டுமே என்று கவலைப்பட்டான். ஒரு பரிசோதனைக்குப் பிறகு டாக்டர், “உங்க ரத்தத்துல இப்ப முழுசா உங்க அக்காதான் இருக்காங்க. அந்தச் செல்லைப் பாத்தா ஒரு பொம்பளையோடதுன்னுதான் சொல்லுவோம்,” என்றார். மீசையைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

அவன் ஊருக்குத் திரும்பிய அடுத்த அறுவடையில்தான் அது நடந்தது. செடியைப் பிடுங்கி, காயை உப்புப் போட்டு வேகவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். காலம் முழுக்கத் தின்ற பண்டம். நாலு கொட்டை தின்றதும் உதடு தடித்து, கழுத்தில் தடிப்புகள் கிளம்பியிருக்கின்றன. பக்கத்திலேயே இருந்த டாக்டரிடம் ஓடி ஊசி போட்டுக்கொண்டு, அங்கிருந்தே எனக்குப் போன் செய்தான்.

“உனக்கு வர்றது எனக்கு வந்துடுச்சி க்கா. நெலத்துல முழுக்க மல்லாட்டை. நான் இன்னா பண்ணுவேன்?”

மூச்சு முட்டுகிறதா என்று பயந்துபோய்க் கேட்டேன். கூடவே, சொன்னால் தப்பாக நினைப்பார்கள், ஓர் ஆச்சரியமும் வந்தது. என்னை வீட்டுக்குள் முடக்கிய அந்தப் பகை என் செல்களில் ஞாபகமாக இருந்திருக்கிறது. அது அவனுக்குள் போயும் மறக்கவில்லை. சென்னை டாக்டரிடம் சொன்னபோது, அபூர்வமாக இப்படி நடப்பதுண்டு என்றார். எதிரியை அடையாளம் காணும் வேலையை இப்போது செய்வது என் செல்கள்தான். அவற்றுக்குத் தெரிந்த எதிரி அவனுக்கும் எதிரி. போகப் போகக் குறையலாம், குறையாமலும் இருக்கலாம் என்றார். அந்த வருடத்திலிருந்து நிலத்தில் நெல்லும் உளுந்தும் போடுகிறார்கள். பெரிய தம்பிதான் அதையெல்லாம் முன்னால் நின்று மாற்றிக் கொடுத்தான்.

என் செல்களுக்கு மல்லாட்டை ஞாபகம் இருந்தது. ஆனால் நான் குழந்தையாக இருந்தபோது போட்டுக்கொண்ட தடுப்பூசிகளை அவை மறந்துபோயிருக்கலாம் என்றார்கள். எதை எடுத்துப் போகும், எதை விட்டுப் போகும் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தம்பிக்கு எல்லாத் தடுப்பூசிகளையும் முதலிலிருந்து போடவேண்டும் என்று சீட்டு எழுதித் தந்தார்கள். சிலவற்றைச் சென்னையிலேயே போட்டார்கள். மற்றதை ஊர்ப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றதால், ஒரு புதன்கிழமை காலையில் நானும் அவனுடன் போனேன்.

கைக்குழந்தைகளோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“கொழந்த எங்கங்க?”

“நாந்தாங்க,” என்றான் தம்பி.

சீட்டை மறுபடியும் படித்தார். என்னைப் பார்த்தார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். “அப்பிடியா!” என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டார், நானும் சொன்னேன். பின்னால் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊசியைப் போட்டுவிட்டு, எல்லோரையும் போல அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார். தம்பி கையைத் தேய்த்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் கையில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒன்று. ஊசி போட்டு அழுதுகொண்டிருந்ததை அவன் மடியில் வைத்துவிட்டு, “கொஞ்சம் பாத்துக்கங்கண்ணா,” என்று உள்ளே போனாள்.